மேற்குப் பாதை

அன்புள்ள அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமை நானும் அவரும் காரில் மலைக்குக் கிளம்புகிறோம். மூன்று நாள், இரண்டு தேசியப் பூங்காக்கள், நடுவில் ஓர் அருவி. வழி முழுவதையும் வரைபடத்தில் நான்தான் குறித்தேன். "அட, உனக்கும் மூளை வேலை செய்யுதே" என்று அவர் சிரித்தார்.

என் போன் அவரிடம் இருப்பதால் கடிதம் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தபாலில் சேர்ப்பார். கையில் கட்டுப் பிரித்தாயிற்று. பேனா பிடிக்க முடிகிறது.

நேற்று அவர் வரைபடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கு வழிதானே கிட்ட? எதுக்கு மேற்குப் பக்கமா சுத்துறே?"

"அந்தப் பக்கம்தான் கரடி வருமாம்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, கரடி பாப்போம்" என்றார்.

மேற்குப் பாதைச் சோதனைச் சாவடியில், ஓட்டுகிறவர் இறங்கி உள்ளே போய்க் கையெழுத்துப் போட வேண்டுமாம். தையல்காரம்மா விசாரித்துச் சொன்னார். பத்து நிமிடமாவது ஆகும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்போம். நீ எட்டுக்கே வந்து, காரை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்து. ஹாரன் அடிக்காதே. நானே ஓடிவந்து ஏறிக்கொள்வேன்.

அத்தானிடம் மட்டும் சொல். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மனசு தாங்காமல் இவருக்கே போன் போட்டுக் கெஞ்சுவாள்.

ஆறு வருஷமாக நீ கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். நான் நன்றாக இல்லை, அக்கா.

உன் தங்கை