கார்டில் இருக்கும் பேர்

திண்டிவனம்,
7-2-1988

அன்புத் தம்பி சவுரிராயனுக்கு அக்கா லூர்துமேரி எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறது. பாரிசுக்குப் போனவனுக்கு அக்கா ஞாபகம் எங்கே இருக்கும்? பொங்கலுக்கும் கடிதம் இல்லை.

சித்தப்பா மகன் அந்தோணிசாமி கோலியனூரிலிருந்து வந்துபோனான். சித்தப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டதாம். சித்திரையில் பாரிசுக்குத் திரும்ப வேண்டுமாம். அவன் ஊரில் இருக்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்று உனக்குக் கொடுத்தானே, பாரிசில் தங்கி வேலை பார்க்க அவன் பேரில் தந்த கார்டு, அதை இங்கே வரும் பாண்டிச்சேரிக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னான். அவன் வயிற்றில் அடிக்காதே. ஜல்தி அனுப்பு.

அக்கா,
லூர்துமேரி

பாரிஸ்,
2-3-1988

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீ மட்டும் படி.

கார்டை அனுப்ப முடியாது. கார்த்திகையிலிருந்து காய்ச்சல். ஓட்டலில் தட்டு கழுவுகிற இடத்திலேயே விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பேப்பரில் போடுகிறார்களே, எய்ட்ஸ், அதுதான். எப்படி வந்தது என்று கேட்காதே அக்கா. தப்பு என்னுடையது.

குணமாக்க மருந்து இல்லை. சாவைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை இருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை விழுங்க வேண்டும். நம் ஊரில் கிடைக்காது. இங்கே கார்டு இருந்தால் சும்மா தருகிறார்கள். எனக்கு ஏது கார்டு? அவனுடையதைத்தான் நீட்டினேன். போட்டோவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரி நோட்டில் அந்தோணிசாமிக்குத்தான் வியாதி.

கார்டைக் கொடுத்தால் எனக்கு மருந்து நின்றுவிடும். நான் கால் ஒடிந்து கிடக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவை.

தம்பி,
சவுரி

திண்டிவனம்,
20-3-1988

தம்பி,

மில்லுக்குப் பின்னால் மல்லாட்டைத் தோல் குவியலில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. பாவி, இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம் இத்தனை மாசம் மறைத்தாயே.

பொய் சொல்லத்தான் விழுப்புரம் பஸ் ஏறினேன். கோலியனூரில் அந்தோணி காப்பி கொடுத்துவிட்டு, தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டான். பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கினு இருந்தான்.

“பேரு தானேக்கா, அவனே வச்சிக்கினு இருக்கட்டும். ஆளு பொழச்சா போதும்,” என்றான். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அவன் பெண்சாதி செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதியில் நிற்கிற வீட்டுச் சுவரையே பார்த்தாள். அவள் மேல் தப்பில்லை.

வேளை தவறாமல் மாத்திரை விழுங்கு.

அக்கா

பாரிஸ்,
11-8-1988

அக்கா,

இந்த மாத்திரை ரத்தத்தையே வற்ற அடிக்கிறது. மாடிப்படி ஏறினால் நாலு இடத்தில் உட்காருகிறேன். அலுத்துவிட்டது.

நர்சு அந்தோணிசாமி என்று கூப்பிடுகிறாள், நான் கை தூக்குகிறேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஒருவரும் இல்லை. அடுத்த கடிதத்தில் என் பேரைப் பெரிதாக எழுது. அந்தோணியிடம் என்னை மன்னிக்கச் சொல்.

உன் தம்பி

திண்டிவனம்,
2-10-1988

சவுரிராயா,

அந்தோணிசாமி இறந்துவிட்டதாகக் கோலியனூருக்குத் தந்தி வந்தது. அந்தோணிசாமியே கையெழுத்துப் போட்டு வாங்கினான். செண்பகம் எதிரில் நிற்கிற புருஷனைப் பார்த்துக்கொண்டே தாலியைத் தொட்டுப் பார்த்தாளாம். அவன் தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்சில் என்னிடம் வந்தான். அவன்தான் வாய்விட்டு அழுதான். எனக்கு வரவில்லை.

இனி அவனுக்கும் பாரிஸ் இல்லை. செத்தவன் கார்டில் யார் போக முடியும்? உன் கல்லறையில் என்ன பேர் எழுதுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாதா கோயில் சாமியார் செத்தவர் பூசைக்குப் பேர் கேட்டார். சவுரிராயன் என்றேன். பீடத்தில் நின்று உரக்க வாசித்தார். அந்தோணி என் பக்கத்தில் முழங்காலில் இருந்தான்.

பெரிதாக எழுதச் சொன்னாயே, மேலே எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதமும் உன் அறைக்குத்தான் வரும். வேறு விலாசம் என்னிடம் இல்லை.

உன் அக்கா,
லூர்துமேரி