வெள்ளானூர் அளவு

கோயமுத்தூர்
8-7-1935

அன்பும் மரியாதையும் உள்ள மாமா அவர்களுக்கு,

உலகநாதன் வணங்கி எழுதுவது. இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. சாப்பாடுதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவின் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டே ஹோட்டல் சாம்பாரை விழுங்குகிறேன்.

ஒரு உதவி வேண்டும். விவசாயக் கல்லூரியின் நெல் ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலை நிரந்தரமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டில்லியில் இருக்கும் ஆராய்ச்சிக் கவுன்சில் கொடுக்கிற பணத்தில் நடப்பது. கல்லூரி வயலில் விளைகிற புது நெல் குடியானவர் கழனியிலும் விளைகிறது என்று காட்டினால்தான் அவர்கள் மேற்கொண்டு கொடுப்பார்கள். இல்லாவிட்டால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்து ஜில்லாக்களில் ஐந்து கழனிகள் எடுத்திருக்கிறோம். செங்கல்பட்டு ஜில்லாவுக்கு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்கு மன்னிக்கவும்.

ஒரு காணியை நடுவில் வரப்புப் போட்டு இரண்டாக்குங்கள். ஒரு பாதியில் உங்கள் சம்பா, மறு பாதியில் எங்கள் விதை. மண்ணும் தண்ணீரும் எருவும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். போன பொங்கலுக்குக் களத்துமேட்டில் நாலு பேர் எதிரில் நான் சொன்னேன் அல்லவா, ஒரே இடத்தில் குத்தாக ஆறு ஏழு நாற்று நடுவது நம் ஜனங்களின் அறியாமை என்று? குத்துக்கு ஒரு நாற்றே போதும் என்று இங்கேயும் அச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதம் விதை மூட்டையோடு வரும். அதன்படி செய்தால் போதும்.

அக்காவுக்கு என் அன்பு.

தங்கள்
உலகநாதன்


வெள்ளானூர்
21-7-1935

சிரஞ்சீவி மச்சான் உலகநாதனுக்கு,

ஜம்புலிங்கம் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். ஏரிதான் பாதிகூட நிரம்பாமல் கிடக்கிறது.

விதை ஆவடி ஸ்டேஷனுக்கு வந்தது. வண்டி கட்டிப் போய் எடுத்து வந்தேன். வழியெல்லாம் கேள்வி. "இன்னா ஜம்புலிங்கம், சர்க்காரு உனக்குப் பயிர் வெக்கச் சொல்லித் தருதாமே?" என்கிறார்கள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

உன் அக்கா எல்லம்மா அந்த மூட்டையை எலி அண்டாமல் உறியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். நீயே அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல் நாளைக்கு நாலு தடவை அண்ணாந்து பார்க்கிறாள்.

அச்சுக் காகிதத்தைப் படித்தேன். இருபது வருஷமாக நாற்றுப் பிடிக்கிற கைக்கு அதெல்லாம் தெரியாதுதான். நீ படித்தவன். சொன்னபடி செய்கிறேன்.

ஜம்புலிங்கம்


வெள்ளானூர்
9-2-1936

மச்சான் உலகநாதனுக்கு,

அறுத்து, அடித்து, அளந்தாயிற்று. நம் சம்பா ஏழு மூட்டை. உன் நெல் மூன்று மூட்டைக்கு இரண்டு மரக்கால் குறைவு. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. சில நெல் சில ஊருக்கு ஆகாது.

எல்லம்மா உன்னைக் கேட்டாள்.

ஜம்புலிங்கம்


கோயமுத்தூர்
2-3-1936

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு ஜில்லாக்களில் எங்கள் நெல் ஜெயித்திருக்கிறது. வெள்ளானூரில் மட்டும் இப்படி. டில்லிக்காரர்கள் தோற்ற இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்கிறார்கள். ஏரிப் பாசன ஊர்களுக்கு இந்த நெல் பயன்படாது என்று அவர்கள் முடிவு செய்தால், ஜூன் மாதத்தோடு எங்கள் பிரிவு மூடப்படும். என்னையும் சேர்த்து ஆறு பேர்.

கூட வேலை செய்கிற ஒருவர், "வெள்ளானூரில் பூச்சி விழுந்தது என்று எழுதி அந்தக் கழனியைத் தள்ளிவிடலாமே" என்று யோசனை சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "அது என் மாமா கையால் நட்டு அளந்த அளவு. அவர் வாயில் நான் ஒரு பொய்கூடக் கேட்டதில்லை. என் வேலைக்காக அதைத் திருத்த மாட்டேன்" என்றேன். அளவை அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேலை போனால் வெள்ளானூருக்கு வந்துவிடுகிறேன். எனக்கும் ஒரு ஏர் கொடுங்கள்.

தங்கள்
உலகநாதன்


வெள்ளானூர்
11-3-1936

மச்சான்,

உன் கடிதத்தை எல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவர் வாயில் நான் ஒரு பொய்கூடக் கேட்டதில்லை" என்ற இடம் வந்ததும் அவள் பெருமை தாங்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

நெல் புடைத்துக்கொண்டிருந்த தாயம்மா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நம் கழனியில் நடவு நடுகிறவள். உனக்கும் அவளைத் தெரியும். "இன்னா நைனா இது? உவர்க் கழனியில நட்டுட்டு நெல்லு மேல பழி போட்டா, அது இன்னா பண்ணும் பாவம்?" என்றாள். உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் நீ என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

தாயம்மா சொன்னது நிஜம். நான் காணியை இரண்டாக்கவே இல்லை. நம் சம்பாவை மதகுக்குக் கீழே நல்ல கழனியில் நட்டேன். உன் நெல்லைக் கிழக்கே உப்புப் பூக்கிற துண்டில் நட்டேன். அங்கே கோரைகூடச் சரியாக வளராது.

ஏன் என்று கேட்பாய். பொங்கலன்று நாலு பேர் எதிரில் அறியாமை என்றாய். நீ என்னைச் சொல்லவில்லை, ஊரைச் சொன்னாய். ஆனால் களத்தில் கிடந்தது என் நெல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒரு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். உன் நெல் ஒரு தடவை தோற்கட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதற்குள் ஆறு பேர் பிழைப்பு இருக்கும் என்றும், நீ அந்த அளவைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பாய் என்றும் நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் ஆபீசரிடம் கொடு. டில்லிக்கும் அனுப்பட்டும். வெள்ளானூர் ஜம்புலிங்கம் பொய் அளவு கொடுத்தான் என்று என் பெயர் போட்டே எழுதிக்கொள்ளட்டும்.

ஜம்புலிங்கம்


கோயமுத்தூர்
30-4-1936

அன்புள்ள மாமா,

ஒன்றரை மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபம்தான். அதைவிட வெட்கம். பொங்கலன்று அப்படிப் பேசியது உங்களைப் புண்படுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களை ஒரு வருஷம் அறுத்த வார்த்தையை நான் விளையாட்டாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்கிறேன். போதாததற்குக் கடிதத்தில் வேறு மறுபடி எழுதினேன்.

உங்கள் கடிதத்தைப் பெரிய ஆபீசரிடம் எடுத்துப் போனேன். இங்கிலீஷில் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும், "நம் அறிக்கைகளில் எவ்வளவோ அளவுகள் இருக்கின்றன. அளந்தவரே வந்து தப்பு என்று சொன்ன அளவை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். கடிதத்தை மொழிபெயர்த்து, அறிக்கையோடு சேர்த்து டில்லிக்கு அனுப்பினார்.

நேற்றுப் பதில் வந்தது. வெள்ளானூரில் இன்னும் ஒரு சம்பாப் பருவம் பார்க்கலாம் என்று அனுமதி. அதுவரை எங்கள் ஆறு பேர் வேலையும் ஓடும். விதை ஜூலையில் வரும். எந்தக் கழனியில் நடுவது என்று நான் சொல்லப்போவதில்லை.

உலகநாதன்


வெள்ளானூர்
14-2-1937

என் அருமை மச்சானுக்கு,

இந்தத் தடவை மதகுக்குக் கீழே ஒரே காணி, நடுவில் வரப்பு. ஊரைக் கூட்டி, அவர்கள் எதிரில் அளந்தோம். மரக்காலைத் தாயம்மாவிடம் கொடுத்தேன். "பொம்பளையா அளக்கிறது?" என்று ஒருவர் இழுத்தார். "போன வருசம் ஆம்பளை அளந்தாரே, இன்னா ஆச்சு?" என்று அவள் கேட்டதும் களமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நம் சம்பா ஆறே முக்கால் மூட்டை. உன் நெல் எட்டு மூட்டை, ஒரு மரக்கால். கேலி பேசியவர்களில் மூன்று பேர் இப்போதே விதை கேட்டுவிட்டார்கள்.

ஒன்று எழுதிக்கொள். உங்கள் காகிதத்தில் குத்துக்கு ஒரு நாற்று என்று போட்டிருக்கிறது. வரப்போரத்தில் நண்டு அந்த ஒன்றையும் வெட்டிவிடுகிறது. தாயம்மா வரப்போரம் மட்டும் மும்மூன்றாக நட்டாள், உள்ளே ஒவ்வொன்று. வரப்போரத்தில் ஒரு குத்துக்கூடச் சாகவில்லை. அடுத்த தடவை அச்சுப் போடும்போது இதையும் சேர்க்கச் சொல். கோயமுத்தூரில் நண்டு இல்லையோ என்னவோ, இங்கே இருக்கிறது.

எல்லம்மா உனக்காகக் கருவாடு காய வைத்திருக்கிறாள். எப்போது வருகிறாய்?

ஜம்புலிங்கம்


கோயமுத்தூர்
20-4-1937

அன்புள்ள மாமா,

டில்லியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இன்னும் மூன்று வருஷம்! வருஷா வருஷம் அளவைப் பார்த்துத்தான் பணம் என்றாலும், ஆறு பேரும் இருக்கிறோம். வரப்போரத்துக்கு மூன்று நாற்று என்பது புதுக் காகிதத்தில் ஏறிவிட்டது. யார் சொன்னது என்று பெரிய ஆபீசர் கேட்டார். தாயம்மாவின் பெயரைச் சொன்னேன். அதையும் போடச் சொன்னார். இத்துடன் ஒரு பிரதி இருக்கிறது. அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இனி எந்தக் கழனியையும் அதன் சொந்தக்காரர் அளக்கக் கூடாது, வேறு ஊர்க்காரர்தான் அளக்க வேண்டும் என்று கவுன்சில் விதி போட்டிருக்கிறது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கழனிகளுக்கு யாரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, பெரிய ஆபீசர் உங்கள் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே தப்புப் பண்ணுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லுகிற தைரியமும் இருக்கிறது. இரண்டும் உள்ள ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?" என்றார்.

நானும் அதையே நினைக்கிறேன், மாமா. ஒப்புக்கொள்ளுங்கள். மே மாதம் லீவில் வருகிறேன்.

உங்கள்
உலகநாதன்


வெள்ளானூர்
6-2-1938

என் அருமை மச்சானுக்கு,

நேற்று பாரிவாக்கம் போய் எத்திராஜ் கழனியை அளந்தேன். தாயம்மாவும் வந்தாள். முதலில் கழனி முழுக்க நடந்து பார்த்தோம். உவர் இல்லை. இரண்டு பாதிக்கும் ஒரே கால்வாய்த் தண்ணீர். எத்திராஜும் நல்ல உழைப்பாளி, களை ஒன்று கிடையாது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

உன் நெல் தோற்றுவிட்டது. ஆறு மரக்கால் குறைவு.

எத்திராஜுக்கு உன்னைத் தெரியும் போலிருக்கிறது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாத்தே, பத்து மரக்கால் சேத்து எயுதிக்கோ. மச்சான் வேலை நிக்கும். யாரு வந்து பாக்கப் போறான்?" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் மேல் உள்ள அன்புதான்.

எனக்குக் கை நின்றது, உலகநாதா. உன்னிடம் மறைப்பானேன்? எல்லம்மா முகமும் உன் முகமும் கண்ணில் வந்தன. பிறகு, "நான்தான் பாத்துகினு கீறேனே" என்று அவனிடம் சொன்னேன். அளந்ததை அளந்தபடி எழுதி, அவன் கையெழுத்தும் வாங்கினேன்.

காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே டில்லிக்கு அனுப்பு. ஒரு பிடி மண்ணும் துணியில் முடிந்து அனுப்புகிறேன். நெல் ஏன் தோற்றது என்று எனக்குத் தெரியவில்லை, தாயம்மாவுக்கும் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்.

உன் மாமா
ஜம்புலிங்கம்