மாதா வேறே, மேரி வேறே

மாதா துணை

புதுச்சேரி
11.2.2008

அன்பு மகள் அமேலிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் பிரான்ஸில் அந்தத் துலூஸ் குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நடுவில் நீ அழுவாய், நான் கத்துவேன், அதற்குள் கார்டு தீர்ந்துவிடும். இது சந்தோஷக் கடிதம், பயப்படாமல் படி.

போன வருஷம் லீவில் வந்தபோது அப்பா நினைவாக நீ ஒளித்து வைத்துவிட்டுப் போனாயே, அந்த டப்பாவைப் பற்றித்தான். டப்பாவை ஒளிப்பதாம், இடத்தை இன்டர்நெட்டில் போடுவதாம், முன்பின் தெரியாதவர்கள் சாட்டிலைட் கருவியோடு வந்து தேடியெடுத்து, உள்ளே இருக்கிற நோட்டில் பேர் எழுதிவிட்டுத் திரும்ப வைப்பதாம், இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று உன்னைக் கிண்டல் செய்தவள் நான். உன் அப்பா லெயோன் கார்ட்டூன் போட்ட காலத்தில் வாரப் பத்திரிகை வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள், அவருக்கு எதற்கு டப்பா என்று கேட்டேன். ஆனால் போன வாரம் நீ, வந்தவங்க அத்தனை பேரும் கிடைக்கலன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, அப்பாவுக்காக ஒருத்தரும் மெனக்கெடல, ஊரே அவரை மறந்துடுச்சும்மா, நீயே போய் டப்பாவ எடுத்துட்டு வந்துடு என்று சொல்லி அழுதாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று பூசை முடிந்ததும் எடுத்து வந்துவிடலாம் என்றுதான் பையோடு கிளம்பினேன். வெளியே வந்தால் மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஆணும் மண்டி போட்டிருக்கிறார்கள். என்ன பக்தி என்று கிட்டே போனால், பூந்தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்கள், மெழுகுவர்த்தித் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறார்கள்! உண்டியலுக்கு வந்தவர்களோ என்று ஓர் அதட்டல் போட்டேன். அந்தப் பெண் சுமலதா, புருஷன் பிரேம்குமார், ஓசூர்க்காரர்கள். அவள் பயந்துபோய், ஆன்ட்டி நாங்க திருடங்க இல்ல, மேரிக்கு எதிரே அவர் உட்கார்ந்து வரைஞ்ச இடத்துக்கு அடியிலன்னு குறிப்பு போட்டிருக்கு, இதுக்காக மூணாவது தடவையா வர்றோம் என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கோவிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன். அடி என் அறிவுக்கொழுந்தே! உன் சாட்டிலைட் எண்கள் கடற்கரைச் சாலை வரைக்கும்தான் கொண்டுவந்து விடுகின்றன, மிச்சத்துக்கு நீ எழுதி வைத்தது மேரி. நமக்கு மாதா என்றால் மாதா, மேரி என்றால் பிரெஞ்சுக்காரன் கட்டிவிட்டுப் போன முனிசிபாலிட்டிக் கட்டடம். வெளியூர்க்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? வந்தவர்கள் எல்லாரும் மாதா காலடியிலேயே தேடிவிட்டுப் போயிருக்கிறார்கள், நீ என்னடாவென்றால் அப்பாவை மறந்துவிட்டார்கள் என்று அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாய்.

அவர்களை மேரிக்கு எதிரே கூட்டிப்போய், இதுதாம்மா மேரி, இனிமே உங்க பாடு என்று சொல்லிவிட்டு அப்பாவுடைய பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். பிரேம்குமார் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டான், இரும்புக் காலில் காந்தத்தோடு ஒட்டியிருந்த டப்பா கையில் வந்ததும் அவன் போட்ட கூச்சலில் சுண்டல்காரர்கூட ஓடிவந்துவிட்டார். உள்ளே அப்பாவுடைய கார்ட்டூன் ஆள் தொப்பி சின்னையனின் படத்தைப் பார்த்ததும் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். அப்புறம் சொன்னான், எங்க வீட்ல தெலுங்குதாங்க, இந்தச் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரன் என்ன பேசறான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் எழுத்துக்கூட்டித் தமிழ் படிச்சேன் என்று. நான் யார் என்று சொன்னதும் இரண்டு பேரும் அந்த நடைபாதையிலேயே என் காலில் விழுந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து, என்ன டப்பா அது, எடுங்க என்று மிரட்டிக்கொண்டே ஒரு கான்ஸ்டபிள் வந்தார், கிருஷ்ணசாமி என்று பேர். படத்தைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது, அய்யோ நம்ம சின்னையன், டிரெயினிங்ல என்னை எல்லாரும் இந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க என்று தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, நோட்டில் நானும் எழுதலாமா என்று கேட்டார். அப்புறம் சுண்டல்காரர், வாக்கிங் வந்தவர்கள், யார் யாரோ எழுதினார்கள். உன் அப்பா ஜெயித்துவிட்டார், அமேலி. எனக்கு அவர் மேல் வந்த பெருமையில் முட்டிவலி கூடத் தெரியவில்லை.

என்னையும் எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. தேடிக் கண்டுபிடித்தவர்கள்தானே அதில் எழுத வேண்டும், நான் கூடவே இருந்தவள்.

டப்பாவை எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். குறிப்பையும் மாற்றாதே. மேரி எதுவென்று தெரியாதவர்கள் இந்த ஊர்க்காரர்கள் யாரையாவது கேட்கட்டும், எதற்கு என்று இவர்கள் திருப்பிக் கேட்பார்கள், அப்பா பேரை அவர்கள் சொல்லித்தானே ஆகவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தபசுக் காலம் என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, நோட்டு நிரம்பிவிட்டது, அடுத்த தடவை வரும்போது தடியாக ஒன்று வாங்கிக்கொண்டு வா.

உன் அம்மா,
எலிஸபெத் லெயோன்