முதல் கார்டு

11-2-85, திங்கள்
காலையிலேயே வெயில். புராஜெக்ட் ஆம்ப்ளிஃபயரில் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, போதவில்லை. ஒரு ரெசிஸ்டரை மாற்றி மறுபடி கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஓட்டித் தருவார்கள். வெள்ளி புராஜெக்ட் ரெவ்யூ. ரிசல்ட் இல்லையென்றால் இன்னொரு செமஸ்டர். ஊருக்கு, உசிலம்பட்டிக்கு, எந்த முகத்தோடு போவது?

சர்க்யூட்டை வரி வரியாக எழுதி, வரிக்கு ஒரு துளையட்டை, அதுதான் கார்டு; கட்டைப் படித்து மெஷினே வோல்டேஜ் கணக்குப் போட்டுத் தரும். பார்ட்னர் சிக்கந்தர், கோரிப்பாளையத்துக்காரன், எதை எழுதினாலும் நாங்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி மேலே 786 போடுவான். கார்டுக் கட்டிலும் முதல் கார்டு அதுதான். மெஷினுக்குப் புரியாத வரி எதற்கு? உருவிவிட்டுக் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாக்குவாதம்.

சோப்பு வாங்க மறந்தாச்சு.

செவ்வாய்
பிரிண்ட் வந்தது. எல்லா வோல்டேஜும் சைபர். போன வாரம் ஓடிய சர்க்யூட்.

ஆபரேட்டர் அண்ணன்: "மெஷின் மேல பழி போடாதீங்க தம்பி. குடுத்ததத்தான் ஓட்டும்."

சிக்கந்தருக்கு முகமே செத்துவிட்டது. "ரெசிஸ்டர் கார்ட நான்தான மாப்ள பஞ்ச் பண்ணேன். என் தப்பாத்தான் இருக்கும்."

கட்டு அவன் கைக்குப் போகுமுன் 786-ஐ மறுபடி மேலே செருகிவிட்டேன். சாப்பிடப் போகாமல் ஒவ்வொரு கார்டாகப் பார்த்தான். நான் பக்கத்தில், வாயைத் திறக்காமல். அந்தக் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. ஆனால் வேறு மனதோடு எடுத்தேன் என்று நினைத்துவிட்டால்? பயம். எல்லாவற்றையும் புதிதாக பஞ்ச் செய்து, என் கையால் கொடுத்தேன். 786 இல்லாமலே. புத்தி கெட்டவன்.

புதன்
மறுபடி சைபர். பிரிண்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே வரி: பேட்டரி கார்டில் இருந்த வரி. அது ஏன் அங்கே?

லைப்ரரியில் புரோகிராம் மேன்யுவலைப் பார்த்தேன். முதல் கார்டு எதுவானாலும் தலைப்பு, சர்க்யூட்டில் சேராது. இத்தனை நாளும் 786 தலைப்பாக இருந்திருக்கிறது. அதை எடுத்ததும் பேட்டரி தலைப்பாகிவிட்டது. கரண்டே இல்லாத சர்க்யூட்.

கேன்டீனில் சிக்கந்தரிடம் சொல்லிவிட்டேன்.

"எடுத்ததப் பத்தி ஒண்ணுமில்ல மாப்ள. ரெண்டு நாளா நான் கெடந்து சாகுறேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த."

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். என்மேலேயே வெறுப்பு. கார்டுக் கட்டை நானே சரிசெய்து கொடுத்தேன்.

வியாழன்
கெயின் வந்துவிட்டது, கேட்ட அளவு. சொல்ல ஆளில்லை. சிக்கந்தர் காலேஜுக்கே வரவில்லை. நாளைக்காவது வருவானா?

வெள்ளி
வந்தான். என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றான்.

ரெவ்யூவில் சார் பிரிண்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 786. சிக்கந்தர் சட்டென்று என்னைப் பார்த்தான்.

"என்னப்பா இது, எல்லாப் பக்கத்துலயும்?"

"எங்க சர்க்யூட் பேரு சார்," என்றேன்.

சார் கையெழுத்துப் போட்டார். மேஜைக்கு அடியில் சிக்கந்தர் என் காலை மிதித்தான். நல்ல மிதி. இன்னும் வலிக்கிறது.