உயரத்தில் மாட்டச் சொன்ன பெட்டி

அடி அண்ணாமலை,
18.02.2025

அன்புள்ள செல்விக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமென்றே நினைக்கிறேன். போனில் பேசியதைப் பிறகு இல்லையென்று சொல்லிவிடலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய வெள்ளைப் பெட்டி வந்தது. நம் சாண எரிவாயு கசிந்தால் கத்தும், உங்கள் கம்பெனியில் மலிவாகச் செய்தது என்கிறாய். இருக்கட்டும். அதை ஏன் சமையலறைக் கூரையை ஒட்டி மாட்டச் சொல்கிறாய்? கேஸ் கசிந்தால் தரையில்தான் தங்கும் என்று கான்வென்டில் சிஸ்டர் பாடம் நடத்தியிருக்கிறார். உயரத்தில் மாட்டுவது கேமராவை. அதில் எரியும் பச்சை விளக்கு யாரைப் பார்க்கிறது?

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, கிரிவலப் பாதையில் மனை என்ன விலை போகிறது என்று நம் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேடியப்பனிடம் விசாரித்தார். என் காது நன்றாகவே கேட்கிறது. உன் அப்பா கட்டிய சாணத் தொட்டியில் குற்றம் கண்டுபிடித்து, என்னைப் பெங்களூருக்குக் கிளப்பிவிட்டு, வீட்டை விற்பதுதானே யோசனை? என் மூக்குக்குத் தெரியாத கசிவு இந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடுமோ?

இப்படிக்கு,
கஸ்தூரி இராமலிங்கம்


பெங்களூரு,
24.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

அது கேமரா இல்லை. சிலிண்டர் வாயு கனமானது, கீழே தங்கும். சிஸ்டர் சொன்னது சரி. சாண எரிவாயுவில் இருப்பது மீத்தேன். காற்றைவிட லேசு, மேலே ஏறும். கசிவின் அளவு மட்டும்தான் என் போனுக்கு வரும்.

மலிவான பெட்டி என்பதால் ஒரு குறை. கற்பூரப் புகைக்கும் சென்ட்டுக்கும்கூடச் சில சமயம் கத்திவிடும். எதற்குக் கத்தினாலும் வாயுவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அவர் விலை கேட்டது ஒரு நண்பருக்காக. நம்புங்கள் அம்மா.

அன்புடன்,
செல்வி


அடி அண்ணாமலை,
15.03.2025

செல்விக்கு,

டைப் அடித்த உன் கடிதத்தை பேங்க் நோட்டீஸ் என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்கவே இல்லை.

நீ சொன்னாயே என்று மனசில்லாமல் மாட்டிவைத்த பெட்டி, பௌர்ணமியன்று சாயங்காலம் கத்தத் தொடங்கியது. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம், வாசலுக்கு வாசல் கற்பூரம். நீ எழுதியதுதானே என்று பிளக்கைப் பிடுங்கி, பெட்டியையும் இறக்கிவிட்டேன். பிறகு சமையலறை சாமி அலமாரியில் விளக்கேற்றப் போனேன். வேடியப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னாம்மா நீங்க! கேஸு நாத்தம் தெருவு வரைக்கும் வருது, நெருப்புக்குச்சிய எடுக்கறீங்க!" என்று என் கையைப் பிடித்துத் தடுத்தான். என் கையை!

"ஒரு நாத்தமும் இல்லடா, போய் மாட்டைப் பாரு" என்றேன்.

"செல்வி அக்கா போன் பண்ணிச்சும்மா" என்று உளறினான். அப்புறம் அடுப்பு ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறது என்று காட்டினான். வந்தது. குழாயைக் கீறியவன் யார்? முந்தின நாள் அடுப்பைத் துடைத்தவன் அவன்தான். இது உங்கள் மூன்று பேரின் நாடகம்.

கஸ்தூரி இராமலிங்கம்


பெங்களூரு,
19.03.2025

அம்மா,

இதைக் கையால் எழுதுகிறேன். பெட்டியிலிருந்து தகவல் வந்தது, உடனே நின்றும்போனது. நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால்தான் வேடியப்பனைக் கூப்பிட்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்தேனே, அன்று பால் கருகி வீடெல்லாம் தீய்ந்த வாடை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு வாசனை தெரிவதில்லை என்று அன்றே புரிந்துகொண்டேன். நேரில் கேட்டால் உங்கள் மனசு புண்படுமே என்றுதான் பெட்டியை அனுப்பினேன். காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியது என் தப்பு.

பெங்களூருக்கு வரவேண்டாம். அங்கேயே இருங்கள். பெட்டியை மட்டும் திரும்ப மாட்டுங்கள்.

செல்வி


அடி அண்ணாமலை,
24.03.2025

அன்புள்ள செல்வி,

உன் கையெழுத்து இன்னும் வலதுபக்கம் சாய்ந்தே போகிறது.

குழாயை மாற்றியாயிற்று. பெட்டியை வேடியப்பன் கூரையை ஒட்டி மாட்டினான், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவனைச் சந்தேகப்பட்டது அவனுக்குத் தெரியவேண்டாம். மாப்பிள்ளையின் அந்த நண்பர் யார், என்ன பெயர் என்று மட்டும் எழுது.

பூக்கார ஜோதியம்மாளிடம் தினமும் "நல்ல வாசனை" என்று சொல்லித்தான் மல்லி வாங்குகிறேன். ஒரு வருஷமாகப் பொய்தான் சொல்கிறேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வேறொரு சந்தேகம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள். மரியாதைக்காக யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை நீ வரும்போது, வாசலில் செருப்பைக் கழற்றியதும், நம் வீட்டில் என்ன வாடை அடிக்கிறது என்று என்னிடம் சொல்ல வேண்டும். ஒளிக்காமல் சொல்.

அம்மா