உப்பு வண்டியைப் பூட்டவிட வேண்டாம்

மங்கலம் நிறைக. மாரி பெய்க; பெய்த நீர் கரை உடைக்காமல் நிற்க.

குருந்தநாட்டு மும்மலைக்கு உரியவரும், செவ்வாற்றின் இருகரையையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவருமாகிய வேந்தர் பகையறுத்த பெருவேள் அவர்களின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் காரி உத்தமன் எழுதி, எல்லைப்புறப் பாறைவாயிலின் காவற்றலைவர் வேட்டன் அணுக்கனாருக்கு விடுக்கும் ஓலை. நும் மதில் உறுதியாய் நிற்க. நும் குன்றில் தினை சாயாது விளைக. நும் மனையோரும் மக்களும் குதிரைகளும் நோயின்றி வாழ்க. இங்கே யாவரும் நலம் என்று எழுதுவதே முறை. ஆனால் வேந்தர் களைத்திருக்கிறார். எழுதும் கையும் களைத்திருக்கிறது. முறைச்சொற்கள் இவ்வளவில் போதும்.

நும் முதல் ஓலை வந்தபோது வேந்தர் இரண்டு ஊராரின் வாய்க்கால் வழக்கைக் கேட்டு ஓய்ந்து அமர்ந்திருந்தார். சிறுவயதில் ஆற்றில் மாண்ட தம் தமக்கை கொற்றி நங்கையின் பெயரால் அவர் ஆண்டுதோறும் நும் வாயிலுக்கு வெளியே நடத்தும் அன்னப்பந்தலில், அயல்நாட்டு உப்புக்காரக் கிழவி ஒருத்தி இறந்தவரைப் பழித்தாள் என்றும், அவளைக் காவலில் வைத்திருப்பதாகவும், தண்டம் யாது என்றும் நீர் கேட்டிருந்தீர். இதற்குமா நம்மைக் கேட்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டே வேந்தர் மேலே படிக்கச் சொன்னார்.

இலையில் பாகற்காய் விழுந்ததும், இது யாருக்கான படையல் என்று கிழவி கேட்டிருக்கிறாள். வேந்தரின் தமக்கை கொற்றி நங்கையாருக்கு என்றும், அவருக்குப் பாகற்காய் என்றால் உயிர் என்றும் பரிமாறியவர் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படிச் சொன்ன மடையன் எவன் என்று கேட்டாளாம். கொற்றிக்கு அதைக் கண்டாலே குமட்டும் என்றும், இலையில் மிச்சம் வைத்தால் தாய் தம்பியின் தொடையைத் திருகுவாள் என்பதற்காகவே அவன் பங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள் என்றும் பந்தி முழுதும் கேட்கச் சொன்னாளாம். பிறகு, சிரித்த வாய் மூடுமுன்னே அழத் தொடங்கினாளாம். பித்துப்பிடித்தவள் என்று நீர் முடிவு கட்டியிருந்தீர்.

அவையில் சிலர் நகைத்தனர். வேந்தர் நகைக்கவில்லை. அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்ததும், அம்மடையன் தாமே என்றார். பாகற்காய் நாள்தோறும் தம் இலையிலிருந்து மறைந்த மாயத்தை அவரும் அக்காளும் தவிர உயிரோடுள்ள எவரும் அறியார். அக்காள் ஆசையால் தின்கிறாள் என்றே அவர் எண்ணியிருந்தார். அக்காளுக்கும் அது கசந்ததா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு குழந்தையைப் போல் அழுதார். அவைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

நீர் இளையவர், ஆதலால் சொல்கிறோம். பகைவர் பழைய நகரை எரித்த நாளில் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிய ஓடம் கவிழ்ந்தது. தம்பியை நம்மவர் மீட்டனர். தமக்கையைக் கீழ்நாட்டு உப்பு வணிகர் மீட்டதை அன்று எவரும் அறியவில்லை; நங்கையார் சொன்னதாக நும் இரண்டாம் ஓலை உரைத்த பின்னரே அறிந்தோம். அரசகுலத்தில் ஒரு குருத்தும் மிஞ்சவில்லை என்று அவருக்கு அங்கே சொன்னார்கள். உடல் கிடைக்காததால் புல்லால் உருச்செய்து எரித்துவிட்டோம் என்று இவருக்கு இங்கே சொன்னோம். முடி சூடியபோது சேந்தன் என்ற பிள்ளைப்பெயர் போய்ப் பட்டப்பெயர் வந்தது. எனவே பலமுறை எல்லைக்கு வந்து உப்பு விற்றும், பந்தல் நாளில் அதற்குமுன் வராததால், இந்நாட்டை ஆள்பவன் தம் தம்பி என்று நங்கையார் அறியவில்லை.

உடனே பல்லக்கு அனுப்ப வேந்தர் எழுந்தார். வேதியர் சபை குறுக்கே நின்றது. ஈமக்கடன் முடிந்தவர் கோட்டைக்குள் நுழையலாகாது. நுழைய வேண்டுமாயின் மறுபடி பிறந்தவராகப் பாவித்து, தொட்டிலிட்டு, பெயரிட்டு, காது குத்த வேண்டும் என்றது. நாம் ஆள்வழிச் சொல்லியனுப்ப, அதை நீர் நங்கையாரிடம் உரைத்ததையும், அவர் மறுமொழியையும் நும் இரண்டாம் ஓலையில் கண்டோம். ஒருமுறை பிறந்து பட்டதே போதும் என்றாராம். வடிந்து தொங்கும் காதில் இனிக் குத்த இடமில்லை என்றாராம். வானம் வெளுத்ததும் வண்டி பூட்டிவிடுவேன், ஈரத்தில் உப்பு கரைகிறது என்றாராம்.

இதைக் கேட்ட வேந்தர், இறந்தவர் உள்ளே வரக்கூடாது என்றால் இருப்பவன் வெளியே போகலாமா என்று சபையை வினவினார். சபை நெடுநேரம் ஏடு புரட்டி, போகலாம், ஆனால் அவரோடு ஒரே பந்தியில் உண்டவர் ஓராண்டு அரியணை ஏறலாகாது என்றது. ஓராண்டா, நல்லதாயிற்று, கொஞ்சம் படுக்கலாம் என்றார் வேந்தர். பேரர் இளவேளை அழைத்து முத்திரையைக் கையில் கொடுத்தார். ஏரி வெட்டினான், பகை வென்றான் என்று புலவர் பாடக் கேட்டுச் சலித்துவிட்டது என்றார். கேளாமலே தம் கசப்பை எடுத்து உண்ட ஓர் உடன்பிறப்பு வாய்த்ததே தாம் பெற்ற பேறு. அந்த நன்றியை அவர் முகம் பார்த்துச் சொல்லாமல் சாக விருப்பமில்லை என்றார்.

ஆகையால் நுமக்கு ஆணை. நங்கையார் இன்னும் காவலில் இருப்பின் விடுவித்து வணங்குக. உப்பை நனையாத கொட்டிலில் இறக்குக. வண்டியைப் பூட்டவிடாதீர், கயிற்றை ஒளித்தேனும் தடுத்து நிறுத்துக. வேந்தர் குடையும் முரசும் இன்றி, இந்த ஓலையின் பின்னாலேயே வருகிறார்.

இன்னும் ஒன்று. வேந்தரை ஒருமையில் விளிப்போரைப் பிடித்துக் கட்டுக என்பது இந்நாட்டுச் சட்டம். அன்று நங்கையார் படை முழுதும் கேட்க, ஏடா சேந்தா என்று கூவினாலும், காதைப் பிடித்துத் திருகினாலும், எவரும் வாளில் கை வைக்கலாகாது. பெற்றோர் போன பின் அவரை அப்படி அழைக்க இந்நாட்டில் ஒருவரும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்த வயதில் இந்த மழையில் வருகிறார்.

இவ்வண்ணம் அறிந்து நடத்துக. குருந்தமலர் இலச்சினை இடப்பட்டது.