மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வளவு

இன்று காலை உன் மகள் கைபேசியில் பதினொரு படங்கள் அனுப்பியிருந்தாள். கண்டி வீட்டை விற்கப் போகிறார்களாம். "பாருங்கோ அன்ரி, அம்மாவின்ர யன்னல்" என்று கடைசிப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். நீ போய் நாலு மாதம். அந்த யன்னலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. செத்தவள் மேலும் பொறாமைப்படுகிற சென்மம் எங்கள் ஊர் பேசாலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கந்தோர் உத்தியோக மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கண்டிக்குப் போன சிநேகிதி நீ, வீடு வாங்கிய கையோடு என்னைக் கூப்பிட்டாய். வந்து பார்த்தால் ரோட்டோரம் ஒரு சின்னக் கேற்று, அதற்குப் பின்னால் தாழ்ந்த தகரக் கூரை. இவ்வளவுதானா என்று மனம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். நீ கேற்றைத் திறந்தாய். வீடு கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. ரோட்டு மட்டத்தில் விறாந்தை, அதற்குக் கீழே படுக்கையறைகள், அதற்கும் கீழே குசினி. வாசலில் நின்றால் மாடி, குசினியில் நின்றால் நிலம். எங்கள் ஊரில் மாடிக்கு ஏறுவார்கள். நீ அடுப்படிக்கு ஐம்பத்திரண்டு படி இறங்கினாய்.

அன்று முழுக்க அந்த மலைச்சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்கள், கண்ணாடி யன்னலும் புகைக்கூண்டுமாக. நடுவில் உங்களைப்போல உத்தியோகக்காரர், மண் சரியாமல் கருங்கல் மதில் கட்டி, கொங்கிறீட் தூணில் வீட்டை நிறுத்தியவர்கள். அடியில், எல்லார் வீட்டு மழைத்தண்ணீரும் வந்து விழும் வாய்க்காலோரம், பலகை அடித்த சின்னச் சின்ன வீடுகள். உன் குசினி யன்னலுக்கு நேரே அடுத்தவரின் கூரை, அதில் அவர்கள் காயப்போட்ட மிளகாய்.

"இஞ்ச பக்கத்து வீடெண்டு ஒண்டும் இல்லையடி. ஒண்டில் மேல்வீடு, இல்லாட்டிக் கீழ்வீடு" என்று சிரித்தாய். பிறகு உன் அறை யன்னலைத் திறந்தாய். முழு நகரமும் பனிப்புகாருக்குள் கிடந்தது. நான் கதிரையில் ஏறி நின்றாலும் அடுத்த வீட்டு மதிலைத் தாண்டி ஒன்றும் தெரியாத ஊரிலிருந்து வந்தவள். "குளிருது, சாத்து" என்றேன்.

திரும்பி வந்து நானும் வீடு கட்டினேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். எனக்கும் படி வேண்டும், உயரம் வேண்டும் என்று மேசனோடு மல்லுக்கு நின்றேன். "அக்கா, மலை இருந்தாத்தானே படி? இந்த மணலில எங்க ஏறப்போறியள்?" என்று கேட்டார் மனுசன். கேட்டேனா? லோட் லோட்டாகக் கிறவல் மண் கொட்டி வளவையே மேடாக்கி, ஒன்பது படி வைத்தேன். அந்த மாரி மழையில் என் வளவுத் தண்ணீரெல்லாம் தெரு ஒழுங்கைக்குள் ஓடி, நாலு வீட்டுச் சனம் என்னோடு முகம் கொடுத்துக் கதையில்லை. மேல்படியில் நின்று பார்த்தால் தெரிந்தது பக்கத்து வளவில் காய்ந்த கருவாடு. நீ வந்து பார்த்துவிட்டு, "வடிவா இருக்கடி" என்றாய். மனதாரத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் போன் எடுத்தாய். அவரும் போய்விட்டார், முழங்கால் விட்டுவிட்டது, படி ஏற முடியவில்லை, மாதா கோயிலில் பூசை கண்டு மாதக்கணக்காகிறது என்றாய். "உனக்குப் பக்கத்து வளவு விலைக்கு இருக்கெண்டு கேள்விப்பட்டன். ஒருக்காத் தண்ணி பாத்துச் சொல்லடி."

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த எங்கள் தீவில் காணி வாங்குமுன் யாரும் உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதில்லை, முதலில் கிணற்றைத்தான் பார்ப்பார்கள். ஒரு வேலிக்கு இந்தப்பக்கம் நல்ல தண்ணீர், அந்தப்பக்கம் சவர். என்னுடையது சவர். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்தால்தான் எனக்குத் தேத்தண்ணீர். அன்று பின்னேரமே போய் வாளியை இறக்கினேன். ஒரு வாய் குடித்தேன். பிறகு வாளியோடு தூக்கிக் குடித்தேன். அப்படி ஒரு தண்ணீர் அந்த ஒழுங்கையிலேயே இல்லை.

இவ்வளவு நாளும் மலை உனக்கு, இனி இந்தத் தண்ணீரும் உனக்கா? வேறொன்றும் நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்து, "சவரடி. வாய் கொப்பளிக்கவும் ஏலாது" என்றேன்.

"சரி, நீ குடிச்சுப் பாத்தாச் சரிதான். வேற ஆரைக் கேக்கப்போறன்?" என்றாய். உன் தம்பிமார் கனடாவில். ஊரில் உனக்கு நான் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நீ ரோட்டுக்கு வரவே இல்லை. நடு மாடி அறையில், அந்த யன்னலோடு, ஒன்றரை வருடத்துக்கு மேல் கிடந்தாய். செத்தவீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் பெட்டி நேரே நடந்து போகும். உன் வீட்டில் அது மேலே ஏறியது. படி திரும்பும் இடத்தில் ஆறு பேரும் பெட்டியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற உன் மகள், "அந்தக் கிணறு மட்டும் நல்ல தண்ணியா இருந்திருந்தா அம்மா உங்களிட்ட வந்திருப்பா அன்ரி" என்றாள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து என்னை அணைத்தாள்.

கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது "பொய் சொன்னனான் சுவாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வளவை இப்போது ஒரு இளம் குடும்பம் வாங்கியிருக்கிறது. அந்த வீட்டுக்காரப் பிள்ளை காலையில் வேலிக்கு மேலால் ஒரு குடம் நீட்டுவாள். "குடியுங்கோ அம்மா, நல்ல தண்ணி." நானும் வாங்கிக் குடிக்கிறேன், வெட்கமில்லாமல். நீ அங்கே இருந்திருந்தால் நீயும் தந்திருப்பாய், கேட்காமலே தந்திருப்பாய். நான் "வேண்டாமடி, பவுசர் வருது" என்று முகத்தைத் திருப்பியிருப்பேன்.

இந்தப் பிள்ளை மேல் எனக்கு எரிச்சல் இல்லை. ஊரில் எத்தனை பேர் மாடி கட்டுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறார்கள், பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், என் சீவியத்தில் உன்னைத் தவிர வேறு ஒருவர் மேலும் எனக்குப் பொறாமை வந்ததில்லையடி.